தேரோட்டியின் உடை யாருடையது?

1

நம் தமிழ்த்துறைகளில் ஒரு சொல் படாதபாடு படுகிறது: ‘தாக்கம்’. இன்னாரிடம் இன்னாரின் தாக்கம் என்று தலைப்பு வைத்து, இடப்பக்கம் மூலநூல், வலப்பக்கம் வழிநூல் என்று இரண்டு பத்தி பிரித்து, ஒத்த வரிகளை நேருக்குநேர் அடுக்கினால் ஆய்வேடு முடிந்தது. மேற்கில் உடை வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இதையேதான் பளபளப்பான தாளில் செய்கிறார்கள். ஒரு பக்கத்தில் கிரேக்கச் சிலை, எதிர்ப்பக்கத்தில் பாரிஸில் தைத்த மாலைநேர அங்கி. இரண்டிலும் மடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. பார்த்தீர்களா, சிற்பத்தின் எதிரொலி என்கிறார்கள்.

ஒற்றுமை இருப்பது உண்மைதான், அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் எதிரொலி என்ற உவமையைக் கொஞ்சம் நின்று யோசித்தால் வேறு கேள்விகள் வருகின்றன. மலையைப் பார்த்து ஒரு முழு வாக்கியத்தைக் கத்தினால் கடைசி அசைகள் மட்டும்தான் திரும்பிவரும். மற்றது மலையோடு போச்சு. சிலையிலிருந்து உடைக்கு வந்த எதிரொலியில் எந்த அசைகள் திரும்பின? எவை அமுங்கிப்போயின? அமுங்கிப்போனது தற்செயலா, இல்லை அதற்குப் பின்னால் ஓர் அதிகாரம் வேலை செய்கிறதா?

இந்தக் கேள்விகளுக்காக ஒரு சிலையையும், அதிலிருந்து பெயரெடுத்த ஓர் உடையையும் பிரதிகளாக எடுத்துக்கொள்வோம். சிலை டெல்ஃபியின் தேரோட்டி. உடையின் பெயர் ‘டெல்ஃபோஸ்’.

2

1896இல் டெல்ஃபியில் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு வெண்கல இளைஞனைத் துண்டுதுண்டாக எடுத்தார்கள். உயரம் 1.80 மீட்டர். இடக்கை இல்லை. வலக்கையில் கடிவாள வாரின் மிச்சம். கண்களில் நிறப்பொருள் பதித்திருக்கிறது, உதடுகளில் செம்பு. கி.மு. 470களில் வார்த்த சிலை. தேர், குதிரைகள், கூட நின்ற ஒரு பையன் என்று பெரிய தொகுதி ஒன்றில் ஏறக்குறைய முழுசாக மிஞ்சியவன் இவன் ஒருவன்தான். குதிரைக் கால்களும் பையனின் கையும் உதிரியாகக் கிடைத்தன.

அவன் உடையைப் பாருங்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை இறங்கும் நீள அங்கி, இடுப்புக்கு மேலே வார், தோளையும் அக்குளையும் சுற்றி முதுகில் குறுக்காக ஓடும் கயிறு. இந்தக் கயிறு அழகுக்காகக் கட்டியதல்ல. ஓடுகிற தேரில் காற்று உள்ளே புகுந்தால் துணி பாய்மரம்போல உப்பிவிடும், அதற்காகக் கட்டியது. அதாவது இது வேலை உடை. வாருக்குக் கீழே மடிப்புகள் தூணில் வெட்டிய பள்ளங்கள்போல நேராக இறங்குகின்றன. சிலை முழுத்தொகுதியாக நின்ற காலத்தில் இந்தக் கீழ்ப்பகுதி பெருமளவு தேர்த்தட்டுக்குள் மறைந்திருக்கும். பின்னாளில் உடையமைப்பாளர்களை மயக்கிய மடிப்புகள் நம் கண்ணில் படுவதே தேர் உடைந்துபோனதால்தான்.

பீடத்தில் ஒரு பெயர் இருக்கிறது: பொலிசாலோஸ். சிசிலியின் கெலா நகரை ஆண்ட தனியாட்சியாளன். தேரோட்டியின் பெயர் எங்கும் இல்லை. கிரேக்கத் தேர்ப்பந்தயத்தில் வெற்றிமாலை ஓட்டியவனுக்குக் கிடையாது, குதிரைகளை வைத்திருந்தவனுக்குத்தான். ஸ்பார்ட்டாவின் இளவரசி கினிஸ்கா கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பியாவில் தேர்ப்பந்தயம் ‘வென்றார்’. மணமான பெண்கள் அந்த விழாவைப் பார்க்கவே முடியாத காலம் அது. தேரில் ஏறாமலே, களத்துக்கு வராமலே வெல்ல முடிந்தது, ஏனென்றால் குதிரைகள் அவருடையவை. உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவர்கள் பலசமயம் கூலிக்காரர்கள், சிலசமயம் அடிமைகள்.

ஆக, மூலச்சிலையிலேயே ஒரு பிளவு இருக்கிறது. உடம்பும் உடையும் ஓட்டியவனுடையவை, புகழ் உடைமையாளனுடையது. உருவத்தை ஒருவனிடமிருந்து எடுத்துப் பெயரை இன்னொருவனுக்குக் கொடுக்கிற வேலையைச் சிலையே செய்துவிட்டது. ஃபேஷன் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

3

1907 வாக்கில் வெனிஸில் மரியானோ ஃபோர்த்தூனியின் பட்டறையிலிருந்து ‘டெல்ஃபோஸ்’ வெளிவந்தது. மெல்லிய பட்டு, தோளிலிருந்து தரைவரை நூற்றுக்கணக்கான நுண்மடிப்புகள், ஓரங்களில் துணியை இழுத்துப்பிடிக்க முரானோ கண்ணாடி மணிகள். உடம்பை இறுக்கிய கார்செட் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். கழற்றினால் கயிறுபோல முறுக்கிச் சின்ன வட்டப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். நடனக்காரர் இசடோரா டங்கன் அதை உடுத்தினார். தேரோட்டியின் வேலை உடை ஐரோப்பியச் சீமாட்டியின் வரவேற்பறை உடையாயிற்று. ஆணிலிருந்து பெண்ணுக்கு, புழுதியிலிருந்து விரிப்புக்கு, உழைப்பிலிருந்து ஓய்வுக்கு: இத்தனை இடப்பெயர்ச்சியும் அந்த ஒரு மடிப்புக்குள் நடந்திருக்கிறது.

இங்கே நம் பேச்சுமொழி ஒரு வித்தியாசத்தைத் துல்லியமாகப் பிடித்துவைத்திருக்கிறது. புடவை ‘கட்டுகிறோம்’, வேட்டி ‘கட்டுகிறோம்’. சட்டை ‘போடுகிறோம்’. கட்டுகிற துணியில் மடிப்பு தினமும் உடுத்துகிறவரின் விரல்களில் புதிதாகப் பிறக்கிறது, கொசுவம் வைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். போடுகிற உடையில் வடிவம் வேறொருவர் கையில் முன்னாலேயே முடிந்துவிட்டது. பழைய கிரேக்க உடை கட்டுகிற வகை. தறியிலிருந்து இறங்கிய செவ்வகத் துணியைப் பெரும்பாலும் வெட்டாமலே ஊசியும் வாரும் கொண்டு உடம்பில் நிறுத்துவார்கள். டெல்ஃபோஸ் போடுகிற வகை. மடிப்பு துணிக்குள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கிறது. கல்லிலும் வெண்கலத்திலும் உறைந்துநின்ற மடிப்பைப் பார்த்து, அதே உறைவைத் துணியில் கொண்டுவந்தார்கள். கட்டிய துணியை அது பார்க்கவில்லை, கட்டிய துணியின் சிலையைப் பார்த்தது.

அந்த உறைவுக்கு ஒரு விலை உண்டு. துணி நனைந்தால் மடிப்பு கலைந்துவிடும், உடை மறுபடி ஃபோர்த்தூனியின் பட்டறைக்குத்தான் போகவேண்டும். மழையில் நனையாத, அடுப்படியில் குனியாத ஓர் உடம்பை அது எதிர்பார்த்தது. டெல்ஃபோஸை விடுதலையின் உடை என்று எழுதுகிறவர்கள் உண்டு. கார்செட்டிலிருந்து வெளியே வந்த விலா எலும்புகளுக்கு அது விடுதலைதான். ஆனால் அந்த மடிப்பை மீண்டும் மீண்டும் வைத்துக்கொடுத்த விரல்களின் கணக்கு இந்த விடுதலையின் வரலாற்றில் சேரவில்லை.

யாருடைய விரல்கள்? இதற்கு ஆவணச் சாட்சியே இருக்கிறது. மடிப்புத்துணிக்கான காப்புரிமை 1909இல் பாரிஸில் ஃபோர்த்தூனியின் பெயரில் பதிவாயிற்று. அந்த ஆவணப் பிரதியில் அவரே கைப்பட ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். கண்டுபிடித்தவர் ஹென்ரியெட், உரிமை அவருடையது, பதிவு செய்கிற அவசரத்தில் என் பெயரில் எடுத்தேன் என்பது அதன் சாரம். ஹென்ரியெட் நெக்ரின் அவருடைய துணைவி, பட்டறையை நடத்தியவர். 1924இல்தான் அவர்கள் முறைப்படி மணந்துகொண்டார்கள். ஃபோர்த்தூனி 1949இல் இறந்தபின் வெனிஸ் மாளிகையை நகரத்துக்குக் கொடுத்தவரும் ஹென்ரியெட்தான். இன்று அது அருங்காட்சியகம். பெயர் ஃபோர்த்தூனி அருங்காட்சியகம்.

ஃபோர்த்தூனியைப் பொலிசாலோஸோடு சமமாக வைக்கமுடியாது, அவர் ஒரு குறிப்பாவது எழுதிவைத்தார். ஆனால் அமைப்பு அதேதான். ஓட்டியவர் ஒருவர், பீடத்தில் பெயர் இன்னொருவர். டெல்ஃபோஸ் தேரோட்டியிடமிருந்து மடிப்பை மட்டும் வாங்கிக்கொண்டது என்று நினைக்கிறோம். அந்தப் பீடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

4

அடுத்து நிறம். ‘கிரேக்க பாணி’ அங்கி என்றால் உடனே மனதில் வருவது வெள்ளை. டெல்ஃபோஸ் பல நிறங்களில் வந்தது, அந்தமட்டில் அது விதிவிலக்கு. திரைப்பட விருது மேடைகள், மணப்பெண் உடைகள், வாசனைத் திரவிய விளம்பரங்கள் எல்லாவற்றிலும் கிரேக்கம் வெள்ளையாகத்தான் நடந்துவருகிறது. இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

சிலையிலிருந்து வரவில்லை. கிரேக்கப் பளிங்குச் சிலைகள் வண்ணம் பூசப்பட்டவை. அக்ரோபொலிஸில் கிடைத்த கன்னிச் சிலைகளின் ஆடைகளில் பூச்சின் தடயம் உண்டு. 2003இல் மியூனிக்கில் வின்சென்ஸ் பிரிங்க்மனும் உல்ரிக்கே கோக்-பிரிங்க்மனும் வண்ணம் தீட்டிய மறுவார்ப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது பார்த்தவர்கள் பலருக்கு அதிர்ச்சி. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, லண்டனில் இருக்கிற பார்த்தெனான் சிற்பங்களின் ஆடைகளில் எகிப்திய நீலத்தையும் ஊதாவையும் கண்டது. வெறும் பூச்சுகூட இல்லை, நெசவுச் சித்திரங்களைப்போல உருவங்களும் கொடிகளும் தீட்டியிருந்திருக்கிறார்கள். சிற்பி மடிப்பைச் செதுக்கினான், ஓவியன் அந்த மடிப்பின்மேல் புட்டாவும் கரையும் எழுதினான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்ணும் காலமும் அந்த நிறத்தை அழித்தன. மிச்சத்தை ரசனை அழித்தது. விங்கெல்மன் 1764இல் வெளியிட்ட பழங்காலக் கலை வரலாற்றில், உடம்பு எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகு என்ற கருத்தை நிறுவினார். 1937-38இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தெனான் சிற்பங்களைச் செப்புக் கருவிகளால் சுரண்டி ‘சுத்தம்’ செய்தார்கள். புதிய காட்சிக்கூடத்துக்குப் பணம் கொடுத்த டுவீன் பிரபுவுக்கு வெள்ளையாக இருந்தால்தான் பிடித்தது. ஆக, வெள்ளை அங்கி எதிரொலிப்பது ஏதென்ஸின் சிலையை அல்ல, ஐரோப்பிய ரசனை வெளுத்தெடுத்த சிலையை.

இதற்கு அரசியல் இல்லையா? பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய 1790களைப் பாருங்கள். அரசவையின் பட்டும் சட்டக்கூடும் ஒழிந்து, பாரிஸ் பெண்கள் மார்புக்குக் கீழே வார் கட்டிய மெல்லிய வெள்ளை மஸ்லினில் சிலைகள்போல நடந்தார்கள். தாவித் 1800இல் வரையத் தொடங்கி முடிக்காமல் விட்ட ரெகாமியே சீமாட்டியின் ஓவியத்தில் அந்த உடையைப் பார்க்கலாம், செருப்புகூட இல்லை. குடியரசு தன்னைப் பழைய ரோமாகவும் ஏதென்ஸாகவும் பாவித்துக்கொண்டது. ஆனால் அந்த மஸ்லினில் மிக உயர்ந்த ரகம் வங்காளத்துத் தறிகளிலிருந்து போனது. ‘கிரேக்க’ உடையின் துணி டாக்காவின் நெசவாளி நெய்தது. சிலை என்ற பிம்பம் அந்த நெசவாளியை மறைத்தது.

வால்ட்டர் பெஞ்சமின் 1940இல் எழுதிய வரலாறு பற்றிய கருத்துரைகளில் இதே பிரெஞ்சுப் புரட்சியையும் ஃபேஷனையும் சேர்த்துப் பேசுகிறார். புரட்சி ரோமைத் திரும்ப அழைத்ததும், ஃபேஷன் பழைய உடையைத் திரும்ப அழைப்பதும் ஒரே மாதிரியான பாய்ச்சல் என்பது அவர் வாதம். பெஞ்சமினை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பாய்ச்சலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபேஷனின் பாய்ச்சல் ஆளும் வர்க்கத்தின் கட்டளைக்கு உட்பட்ட களத்தில்தான் நடக்கிறது என்று அவர் உடனே சேர்த்துச் சொல்வதை விட்டுவிடுகிறார்கள். களம் யாருடையது என்பதைவைத்துத்தான் பழமையிலிருந்து எது எடுக்கப்படும், எது விடப்படும் என்பது தீர்மானமாகிறது.

5

‘சிற்பி’ என்ற பட்டம் பாரிஸ் உடையமைப்பில் யாருக்காவது பொருந்துமானால் அது மதாம் கிரேவுக்குத்தான் (1903-1993). சிற்பியாகத்தான் ஆசைப்பட்டவர். குடும்பம் ஒத்துக்கொள்ளாததால் துணிக்கு வந்தார். 2.80 மீட்டர் அகலமுள்ள பட்டு ஜெர்சியை மடித்து மடித்து 7 சென்டிமீட்டருக்குள் கொண்டுவருவது அவர் நுட்பம். ஓர் உடைக்கு 300 மணிநேரம்வரை ஆகும் என்பார்கள். 2011இல் பாரிஸில் அவர் உடைகளை அருங்காட்சியகமாகிவிட்ட சிற்பி பூர்தெலின் பட்டறையிலேயே, சிற்பங்களுக்கு நடுவே நிறுத்திக் காட்டினார்கள். துணி கல்லோடு நேருக்குநேர் நின்றது.

அந்த 300 மணிநேரத்தில்தான் நம் கேள்வி இருக்கிறது. கல்லில் மடிப்பை ஒருமுறை செதுக்கினால் போதும், இரண்டாயிரம் வருடம் நிற்கும். துணியில் ஒவ்வோர் உடைக்கும் மறுபடி மறுபடி விரலால் எடுக்கவேண்டும். கிரே தன் கையாலேயே நிறையச் செய்தவர், அதை மறுக்கமுடியாது. ஆனால் எந்த ஒரு பாரிஸ் உடைநிறுவனமும் ஒரு ஜோடிக் கையால் நடப்பதில்லை. அங்கே தையல்கார, எம்பிராய்டரிப் பெண்களுக்குப் பெயரே ‘சின்னக் கைகள்’. ஆளைச் சொல்லாமல் உறுப்பைச் சொல்கிற பெயர்.

இந்தக் கைகள் ஒருமுறை நின்றபோது பாரிஸே பார்த்தது. 1917 மே மாதம், போர்க்காலத்தில், உடைப்பட்டறைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கித் தெருவில் ஊர்வலம் போனார்கள். சனிக்கிழமை பிற்பகல் சம்பளத்தோடு ஓய்வு என்ற கோரிக்கை ஜூனில் சட்டமாயிற்று. ஃபேஷன் வரலாற்று நூல்கள் எத்தனையில் இது இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். மதலேன் வியோனேயின் கிரேக்கச் சாயல் உடைகள் எல்லாவற்றிலும் இருக்கும். வியோனேயே இந்த விஷயத்தில் பரவாயில்லை. பன்னிரண்டு வயது வாக்கில் தையல் வேலைக்குப் போனவர், 1923இல் திறந்த பெரிய பட்டறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவ வசதியும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்தார். கள்ளப்பிரதியைத் தடுக்க உடையின் முத்திரைத்துணியில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். அங்கேகூட பதிந்தது ஒரு விரல்ரேகைதான்.

6

அப்படியானால் பழைய சிற்பத்தை வேறுமாதிரி கேட்க வழியே இல்லையா? இருந்தது. அதுவும் அதே டெல்ஃபியில்.

ஈவா பால்மர் நியூயார்க்கில் 1874இல் பிறந்த பணக்காரப் பெண். கிரேக்க நாடகத்தின்மேல் பைத்தியம். சிலைகளில் காண்கிற மடிப்பு கடைத்துணியில் வரவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு கவனமாக வெட்டித் தைத்தாலும் வரவில்லை. 1900களின் நடுவில் பாரிஸ் பக்கம் இசடோராவின் அண்ணன் ரேமண்ட் டங்கன் வீட்டில் இருந்தபோது, ரேமண்டின் கிரேக்க மனைவி பெனலோப்போடு சேர்ந்து தறியில் உட்கார்ந்தார். கையால் நெய்த துணியைத் தோளில் போட்டதும் மடிப்பு தானாக விழுந்தது. மடிப்பின் ரகசியம் கத்திரியில் இல்லை, பாவிலும் ஊடையிலும் இருக்கிறது என்று புரிந்தது. ஃபோர்த்தூனியின் பட்டறை சிலையின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் இவர் சிலைக்குப் பின்னால் இருந்த தறியைப் போய்ப் பார்த்தார்.

பெனலோப்பின் சகோதரர், கவிஞர் ஆங்கெலோஸ் சிகெலியானோஸை 1907இல் மணந்து கிரேக்கத்தில் வாழ்ந்தார். தானே நெய்த துணியைத் தினமும் உடுத்தினார். இருவரும் 1927இலும் 1930இலும் டெல்ஃபி விழாக்களை நடத்தியபோது நாடகக் குழுவினரின் ஆடைகளை நெய்ததும் ஈவாதான். விழாவில் கிராமத்துக் கைவினைப் பொருள்களுக்கென்று தனிக் கண்காட்சி. 1920களில் அவருக்கு நெருக்கமாக இருந்தவர் தாதாபாய் நௌரோஜியின் பேத்தி குர்ஷித் நௌரோஜி. ஐரோப்பிய இசை படிக்கப் போனவர், ஊர் திரும்பி காந்தியின் இயக்கத்தில் சேர்ந்தார். தறியை அரசியலாகப் பார்க்கிற இரண்டு பெண்கள் அங்கே சந்தித்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஈவாவைத் தெய்வமாக்கவேண்டியதில்லை. செலவழித்தது அமெரிக்கச் சொத்து, அதுவும் விழாக்களில் கரைந்துபோயிற்று. ஐரோப்பிய உடைக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஏதென்ஸ்வாசிகளுக்கு இந்த வெள்ளைக்காரப் பெண்ணின் பழைய கோலம் வேடிக்கையாக இருந்தது. அவர்கள் கூச்சத்திலும் ஒரு நியாயம் உண்டு. வறுமையிலிருந்து வெளியே வர நினைக்கிறவனிடம் உன் பாட்டியின் தறிதான் அழகு என்று பணக்காரர் சொல்வது சுலபம். இந்தியக் கதர் அரசியலைப் பற்றியும் இந்தக் கேள்வி எழுப்பப்பட்டிருக்கிறது, இன்றும் எழுப்பவேண்டியதுதான்.

ஆனாலும் ஒன்று நிற்கிறது. சிற்பத்தை மேற்பரப்பாக வாசிக்காமல் உற்பத்தியாக வாசித்த வாசிப்பு இது. பார்த்தெனான் கிழக்குச் சிற்பப் பட்டையின் நடுவில் ஒரு காட்சி. தெய்வங்கள் இருபுறமும் உட்கார்ந்திருக்க, ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் துணி ஒன்றை மடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏதென்ஸ் பெண்கள் மாதக்கணக்கில் நெய்து அதீனா தேவிக்குச் சாத்திய ஆடை அது என்பது பெரும்பாலோர் கொள்கிற விளக்கம். குங்குமப்பூ மஞ்சளில், அரக்கர் போர் நெய்த துணி. அந்தத் துணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைக் காட்டிய கல் மிஞ்சியது, நிறத்தை இழந்து. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற சிற்பங்களில் ஒன்று அதன் மையத்தில் பெண்கள் நெய்த துணியைத்தான் வைத்திருக்கிறது. நாமோ அதிலிருந்து மடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

7

இஸ்ஸே மியாகே 1993இல் தொடங்கிய மடிப்பு உடைகள் டெல்ஃபோஸின் நைலான் காலத்துத் தங்கை என்பார்கள், துணி பாலியெஸ்டராக இருந்தாலும். பெரிய அளவில் தைத்துவிட்டுப் பிறகு சூட்டில் அழுத்தி மடிப்பேற்றுவார்கள். இயந்திரத்தில் துவைக்கலாம், மடிப்பு கலையாது. பட்டறைக்குத் திருப்பி அனுப்பவேண்டிய சீமாட்டித்தனம் இதில் ஒழிந்தது. அந்தமட்டில் முன்னேற்றம். உடம்பு குனியலாம், ஆடலாம். விலை மட்டும் ஆலைத் தொழிலாளி தொடமுடியாத இடத்திலேயே நிற்கிறது.

எழுதுகிற நமக்கும் இதில் வேலை இருக்கிறது. தொன்மத்தையோ பழம்பாடலையோ நாட்டார் கதையையோ எடுத்துப் ‘புதுசாக’ எழுதும்போது நாம் செய்வதும் டெல்ஃபோஸ் வேலைதான். எடுத்தது மேற்பரப்பையா, அதை உண்டாக்கிய தறியையா? வெளுத்த மூலத்தை எடுத்துக்கொண்டு அதுதான் மூலம் என்று நம்புகிறோமா? பீடத்தில் யார் பெயர்? ‘தாக்கம்’ என்ற சொல் இந்த மூன்று கேள்வியையும் கேட்கவிடாமல் செய்கிறது. அந்தச் சொல்லில் கொடுத்தவரும் வாங்கியவரும் உண்டு, நெய்தவர் கிடையாது.

சிலையையும் உடையையும் எதிரெதிரே அச்சடித்த புத்தகம் அடுத்தமுறை கையில் கிடைத்தால் மூன்றாவது படம் எங்கே என்று கேட்கலாம். வெனிஸ் மாளிகையில் ஈரப்பட்டை மடித்த பெண்கள், டாக்காவின் தறிக்குழி, 1917இல் பாரிஸ் தெருவில் கைகோத்துப் போன தையல்காரிகள், இதில் ஏதாவது ஒன்று. அந்தப் படம் இல்லாமல் மற்ற இரண்டையும் ஒப்பிடுவது பொலிசாலோஸின் கல்வெட்டை இன்னொருமுறை படியெடுப்பதுதான்.